சாயங்காலம் இறங்கினால் மாலேயில் ஒரு ராத்திரி

மாலத்தீவில் இறங்கியதும் நேராக ரிசார்ட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு பயணக் கட்டுரையில் படித்தேன், அது பாதிதான் சரி. வெலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது, பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட்போட்டில் ராத்திரியும் போகலாம், ஆனால் தூரத்துத் தீவுகளுக்கான கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், அதனால் சாயங்காலம் போய் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைநகர் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஒரு ராத்திரி ரூம் போட வேண்டிவரும். பேக்கேஜ் விலையில் அந்தச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2018-இல் பாலம் திறந்த பிறகு விமான நிலையத்திலிருந்து மாலேக்கு டாக்சியிலேயே போகலாம், முன்பு படகுதான்.

நம்ம திருநெல்வேலிக்காரர்களுக்கு பக்கத்திலிருக்கும் வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானம் கிடையாது, திருவனந்தபுரம்தான் வசதி. பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி நாகர்கோவில், மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி அங்கே போய்ச் சேர ஆகும் நேரம்கூட, ஏறி உட்கார்ந்த பிறகு மாலே போக ஆகாது! விசா நமக்கு இறங்கியதும் இலவசம். இமுகா (IMUGA) என்ற மாலத்தீவு அரசின் பயணி விவரப் படிவத்தை மட்டும் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்பவேண்டும், அதுவும் இலவசம்தான், பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அப்புறம், டூட்டி ஃப்ரீயில் மது பாட்டில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், கஸ்டம்ஸில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.