"அது எத்தனை மணிக்கு, தம்பி?"

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்தது பலருக்கு நினைவிருக்கும். பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த சனங்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தையே கறுப்பாக்கியதும் அதே மாதம்தான். என் தம்பி குடும்பம் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் காலை சித்தி போன் செய்தார். எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள், சின்னவனுக்கு மட்டும் கண் எரிச்சல் என்றார். "சரி சித்தி" என்று சொல்லி வைத்துவிட்டேன். தம்பிக்கு நான் போன் செய்யவில்லை.

ஐந்தாம் நாள் டிசம்பர் 31. ராயபுரத்தில் எங்கள் சபையில் வருட இறுதி ஆராதனை. இரண்டு கையையும் உயர்த்தி, "ஆண்டவரே, இந்த வருடம் என்னைப் புதிதாக்கும்" என்று அழுதேன். பன்னிரண்டுக்கு மணி அடித்தது. வருடத்துக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்கினேன், கேக் சாப்பிட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு வந்து படுத்துவிட்டேன்.

அந்த அழுகை பொய்யில்லை. இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஆனால் அழுது முடித்து எழுந்த மனுஷன் அடுத்த நாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இருபது வருடமாக ஒவ்வொரு டிசம்பரிலும் நான் செய்த ஜெபம் அதுதான். நம் சபைகளில் பாதிப் பேர் செய்யும் ஜெபமும் அதுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுவே.

ஜனவரி முதல் வாரம், ஆண்டவருக்கு நம்மை மறுபடியும் ஒப்புக்கொடுக்கிற உடன்படிக்கை ஆராதனை முடிந்து வெளியே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு பள்ளியில் எனக்கே பாடம் எடுத்தவர். வயது எண்பதை நெருங்குகிறது. என்னைப் பார்த்து, "என்னப்பா, இந்த வருஷம் என்ன தீர்மானம் எடுத்தே?" என்று கேட்டார்.

"ஆண்டவருக்குள்ள இன்னும் வளரணும் டீச்சர்."

"நல்லது. அது எத்தனை மணிக்கு, தம்பி?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகத் திரும்பக் கேட்டார். "வளர்றதுக்கு நீ என்ன செய்யப் போறே? எத்தனை மணிக்கு? யார்கிட்ட? எந்த ஊர்ல?" பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை.

எனக்குக் காசிமேட்டில் படகு என்ஜின் உதிரிபாகக் கடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வெளியில் இருப்பவர்களுக்கு அது மீன் விலை ஏறுகிற காலம். இங்கே அது பழுது பார்க்கிற காலம். படகைக் கரையேற்றுவார்கள், அடியைச் சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், மர நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். அந்த இரண்டு மாதமும் என் கடைக்குச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட "படகு புதுசாகணும் அண்ணே" என்று எழுதிய சீட்டைக் கொண்டுவந்ததில்லை. "ஆயில் சீல் நாலு, இம்பெல்லர் ஒண்ணு, பேரிங் ரெண்டு" என்றுதான் சீட்டு வரும். எது தேய்ந்திருக்கிறது என்று இறங்கிக் கை வைத்துப் பார்த்தவனுடைய சீட்டு அது. ஜூன் 15 அன்று கடலுக்குப் போகிறவனுக்குத் தெரியும், சீட்டில் எழுதாமல் விட்டது நடுக்கடலில் நிற்க வைத்துவிடும் என்று. இயேசு கூப்பிட்டபோது யாக்கோபும் யோவானும் படகில் வலை பழுது பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

தினமும் அந்தச் சீட்டுகளை வாங்கிப் படிக்கிற நான், என் ஆத்துமாவுக்கு மட்டும் சீட்டே எழுதியதில்லை.

சபையில் இளைஞர்களிடம் இதைச் சொன்னபோது ஒரு தம்பி மறுத்துப் பேசினான். "அண்ணா, இது கம்பெனியில டார்கெட் வைக்கிற மாதிரி இருக்கு. நமக்குக் கிருபை இருக்கு. ஆவியானவர் நடத்துவார்." அவன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தன் பலத்தால் பரிசுத்தமாகிவிடலாம் என்று கிளம்பியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கிருபையைப் பற்றி எல்லாரையும்விட அதிகமாக எழுதிய பவுல்தான் "இலக்கை நோக்கித் தொடருகிறேன்" என்று பிலிப்பியருக்கு எழுதினார். கொரிந்தியருக்கு எழுதும்போது, "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்கிறார். தமிழ் வேதாகமத்தில் சிலம்பம் என்று போட்டிருந்தாலும் அவர் சொல்வது குத்துச்சண்டையை. வடசென்னைக்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எதிரே ஆள் இல்லாமல் காற்றில் குத்திக்கொண்டிருந்தால் கைதான் வலிக்கும். வருட இறுதி ஆராதனையில் நான் குத்தியது காற்றில்.

அந்தத் தம்பிக்கு அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் பற்றியும் சொன்னேன். 1722, 23-இல், இருபது வயதை ஒட்டி, தனக்கென்று 70 தீர்மானங்கள் எழுதியவர். முதல் தீர்மானத்துக்கும் முன்னால் அவர் எழுதியது, தேவனுடைய உதவி இல்லாமல் தன்னால் எதையும் செய்ய முடியாது என்ற ஒப்புதலைத்தான். அதன் கீழே, வாரம் ஒருமுறை இவற்றைத் திரும்ப வாசிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. அவர் கிருபையை நம்பினார், சீட்டும் எழுதினார்.

சரி, என் சீட்டுக்கு வருகிறேன். முதல் வரி வேத வாசிப்பு. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். தினமும் மூன்று, ஞாயிறு ஐந்து என்று படித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். ஒவ்வொரு ஜனவரியிலும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். அத்தோடு நின்றுவிடும். உங்களில் பலருக்கும் அதே இடம்தான் என்று எனக்குத் தெரியும், கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் சொன்னார், "தானியேல் எத்தனை நாள் கேட்டான்? பத்து நாள். பாபிலோன் ராஜாவோட சாப்பாடு வேண்டாம், பத்து நாள் பருப்பும் மரக்கறியும் குடுத்துப் பாருங்கன்னு கேட்டான். எழுபது வருஷம் சிறையிருப்பு முன்னால கிடக்குது, அவன் கேட்டது பத்து நாள். நீயும் பத்து நாள் கேளு." காலை ஐந்தரை மணி, ஒரு அதிகாரம், போனைத் தொடுவதற்கு முன்னால், பத்து நாள். அது முடிந்ததும் இன்னொரு பத்து. நடுவில் விட்டுப்போன நாட்கள் உண்டு. விட்டதைப் பிடிக்க ஓடாமல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன். 2024-இல் அப்படித்தான் முதல்முறையாக லேவியராகமத்துக்குள் நடந்து போனேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பெரியவர் தவக்காலத்தில் ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டுப் புள்ளி வைப்பார். விசாரித்தேன். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த பழக்கமாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குற்றம். அதில் விழும்போதெல்லாம் அன்றைய கோட்டில் ஒரு புள்ளி. இன்றைக்கும் நேற்றைக்கும், இந்த வாரத்துக்கும் போன வாரத்துக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பெரியவருடைய குற்றம் கோபம். ஆறு வாரத்தில் புள்ளி குறைந்ததா என்று கேட்டேன். "குறையல. ஆனா எந்த நேரத்துல வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. சாயந்திரம் தண்ணி லாரி வர்ற நேரம்" என்றார். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பாவம் என்று பொதுவாக அறிக்கையிடும்போது அதற்கு நேரமும் இடமும் இருப்பதில்லை. புள்ளி வைத்தவருக்கு அது நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. இப்போது லாரி வரும் நேரத்துக்கு அவர் தன் மகனைக் குடத்தோடு அனுப்புகிறார்.

இதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில், மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிற பரிசேயன் ஆலயத்தில் நின்று கணக்குச் சொல்கிறான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம். எல்லாம் எண்ணிக்கை. எல்லாம் நிறைவேறிய இலக்கு. அவன் நீதிமானாக வீட்டுக்குத் திரும்பவில்லை. இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, கணக்கே வேண்டாம் என்று சொல்லிவிடத் தோன்றும். அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். வரி வசூலிக்கிறவர்களின் தலைவன் சகேயு நிற்கிறான். அவனும் கணக்குத்தான் சொல்கிறான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் அவனைப் பார்த்துத்தான் சொன்னார்.

இரண்டு பேரும் எண் சொன்னார்கள். பரிசேயனுடைய எண்கள் எல்லாம் அவனிடமே வந்து நின்றன. சகேயுவின் எண்கள் அவன் வீட்டை விட்டு வெளியே போயின, அவன் ஏமாற்றியவர்களின் வாசலுக்கு. நம்முடைய தீர்மானங்களை இப்படித்தான் சோதிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். என் சீட்டில் உள்ள வரி என்னை நல்ல கிறிஸ்தவனாகக் காட்டுவதோடு முடிகிறதா, அல்லது எனக்கு வெளியே ஒருவருக்கு ஏதாவது போய்ச் சேருகிறதா? உபவாசம், ஜெப நேரம், வாசிப்பு என்று பத்து வரி எழுதி, பத்திலும் வேறொரு மனுஷனுடைய பெயர் இல்லையென்றால் நான் அதைக் கிழித்துப் போடச் சொல்வேன்.

என் சீட்டில் பெயர் இல்லை. டீச்சர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதம், படகெல்லாம் கரையில் நிற்கும்போது, லேவியராகமம் 25-க்கு வந்தேன். யூபிலி வருடம். ஐம்பதாம் வருடம், ஏழாம் மாதம், பத்தாம் தேதி எக்காளம் ஊத வேண்டும். தேதியைப் பாருங்கள். "மனம் வரும்போது" என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவனவன் தன் தன் காணிக்குத் திரும்ப வேண்டும். விற்றாலும் வாங்கினாலும் ஒருவருக்கொருவர் அநியாயம் செய்யக்கூடாது. காலை ஐந்தரை மணிக்கு அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொருக்குப்பேட்டையில் அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. அம்மா போன பிறகு விற்றோம். ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் கழித்துத் தம்பிக்குப் பங்கு கொடுத்தேன். செலவு எழுதிய நோட்டு என்னிடம்தான் இருந்தது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்டான். அண்ணனைச் சந்தேகப்படுகிறாயா என்று கத்தினேன், காட்டவில்லை. அத்தோடு பேச்சு நின்றது. நோட்டில் பெரிய களவு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு மூன்று இடத்தில் என் சொந்தச் செலவும் அதில் ஏறியிருந்தது. அது எனக்குத் தெரியும், எப்போதும் தெரியும். அதனால்தான் காட்டவில்லை. அதனால்தான் அமோனியா கசிந்த இரவுக்குப் பிறகும் என்னால் போனை எடுக்க முடியவில்லை.

அன்றைக்குச் சீட்டில் எழுதினேன், "தம்பியிடம் நோட்டைக் காட்ட வேண்டும்" என்று. தேதி போடவில்லை. ஜூன் போனது, தடைக்காலம் முடிந்து படகுகள் போயின. கிறிஸ்துமஸும் வந்தது. அந்த ஒரு வரியைத் தவிர மற்ற வரிகளில் நான் நன்றாகவே வளர்ந்தேன். தேதி இல்லாத வரி எப்படிக் கிடக்கும் என்பதை ஒரு வருடம் பார்த்துவிட்டேன்.

இந்த ஜனவரியிலும் உடன்படிக்கை ஆராதனை நடந்தது. 1755-இல் ஜான் வெஸ்லி லண்டனில் தன் மக்களோடு ஆரம்பித்தது, அவர் வழி வந்த மெதடிஸ்ட் சபைகள் மூலமாக நமக்கு வந்தது. நான் உமக்குரியவன் என்று எல்லாரோடும் சேர்ந்து சொல்லும்போது இந்த முறை எனக்குக் கண்ணீர் வரவில்லை. பயமாக இருந்தது. ஆராதனை முடிந்ததும் டீச்சரிடம் நானே போய் நோட்டு விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் அட்வைஸ் எதுவும் செய்யவில்லை. தன் வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கத்தில் என் தம்பி பெயரை எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினார். தேதி நான் எழுதினேன். ஜனவரி 19, ஞாயிறு. "அன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு உனக்குப் போன் பண்ணுவேன்" என்றார்.

என்னுடைய வேண்டுகோள் இதுதான். இந்த வருடம் எழுப்புதல் கூட்டத்துக்குப் போங்கள், உபவாச ஜெபத்துக்குப் போங்கள், அழுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு சீட்டு எடுத்து ஒரு வரி எழுதுங்கள், ஒன்று போதும். அதில் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு நேரம் இருக்கட்டும். அப்புறம் அதை உங்களிடம் திரும்பக் கேட்கக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். முகநூலில் போட வேண்டாம். நான் இங்கே எழுதுவதற்குக்கூட டீச்சரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் கணக்கில் ஏறிய தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டேன். நாலத்தனையாகக் கொடுக்க இப்போது கையில் இல்லை, இரண்டத்தனை இருக்கிறது. அதைக் கவரில் போட்டு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எண்ணூர் போய்விடலாம்.

நேற்று இரவு தம்பிக்குப் போன் செய்தேன். நோட்டைக் கொண்டுவருகிறேன் என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பின்னால் சின்னவன் எதையோ படித்துக்கொண்டிருந்தது கேட்டது. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "எத்தனை மணி வண்டி?" என்று கேட்டான்.