தண்ணீர் கொண்டுவர மானியம் உண்டு, வடிய வைக்க?

நேற்று முன்தினம் ராத்திரி மழை. காலையில் போய்ப் பார்த்தால் கீழ்த்தோட்டத்தில் கேரட் பாத்தி மூன்றும் தண்ணீரில் நிற்கிறது. மண்வெட்டி எடுத்து ஓரத்தில் வெட்டிவிட்டேன், தண்ணீர் போனது. எங்கே போனது? எனக்குக் கீழே இருக்கிற அண்ணன் தோட்டத்துக்குத்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "உன் தண்ணி எனக்கு, என் தண்ணி அடுத்தவனுக்கு, என்ன பண்றது தம்பி" என்றார். அவர் அப்படிச் சொன்னது ரெண்டு நாளாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கேத்தி பாலாடா. பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு பக்கமும் சரிவு, எல்லாத் தண்ணீரும் பள்ளத்துக்கு வந்தாக வேண்டும். சரிவு முழுக்க கேரட், உருளை, பீட்ரூட், முட்டைகோஸ், பூண்டு. யாருக்கும் பெரிய நிலம் கிடையாது, நாற்பது சென்ட், அரை ஏக்கர், மிஞ்சினால் ஒன்றரை ஏக்கர். 2009 நவம்பரில் இதே கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. அந்த வாரம் மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். அப்படி ஒரு நாள் மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது, அது எனக்கும் தெரியும். நான் பேசுவது வருஷா வருஷம் வருகிற சாதாரண மழையைப் பற்றி. பத்து சென்டிமீட்டர் பெய்தாலே பாத்தி முங்குகிறது.

இப்போது அரசு பணத்துக்கு வருகிறேன். சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்துக்கு சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. நான் தெளிப்பான் போட்டதும் அந்த மானியத்தில்தான். நீர்ப்போகத்தில், அதாவது மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் பாய்ச்சிச் செய்கிற போகத்தில், அது இல்லாவிட்டால் விவசாயமே செய்திருக்க மாட்டேன், நல்ல திட்டம். ஆனால் ஏப்ரல் வாக்கில் தொடங்குகிற கார்போகமும் ஆகஸ்ட் வாக்கில் தொடங்குகிற கடைபோகமும் மழையில் போகிற போகங்கள். அப்போது எங்கள் பிரச்சினை தண்ணீர் இல்லை என்பதல்ல, தண்ணீர் போக வழி இல்லை என்பது. அதற்கு என்ன உதவி கிடைக்கும் என்று ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். பட்டா, சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கொண்டுபோயிருந்தேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்க நிலத்துக்குள்ள ஏதாவது அமைக்கணும்னா எழுதிக் கொடுங்க, பார்க்கலாம், பக்கத்து நிலம் வழியா ஓடை வரைக்கும் போறதுக்கு எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். சரி, என் நிலத்துக்குள் மட்டும் வாய்க்கால் வெட்டி என்ன செய்வது? வாய்க்கால் என்றால் மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் ஒரே தொடர்ச்சியாகப் போக வேண்டும். எங்கள் சரிவில் அது பதினொரு பேருடைய நிலத்தைத் தாண்டிப் போகிறது. மானியம் பட்டா பார்த்து வருகிறது, தண்ணீர் பட்டா பார்த்து வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. மலைத் தோட்டத்தில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும் என்று சொல்லாத அதிகாரி இல்லை. ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954லிருந்து இருக்கிறது. படிமட்டம், அதாவது சரிவைப் படிபோல வெட்டிய நிலம், உள்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும், அதன் அடியில் சின்ன வாய்க்கால், அந்தத் தண்ணீர் பக்கவாட்டில் போய் புல் வளர்த்த வடிகாலில் சேர வேண்டும், அதுதான் முறை. ஆனால் நாங்கள் நிறையப் பேர் உருளைக்கிழங்குக்கு மேலிருந்து கீழாகத்தான் பார் (கிழங்கு ஊன்றுகிற மண்மேடு) போடுகிறோம், தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு நேரே இறங்கிவிடும். ஏன்? குறுக்கே போட்டால் தண்ணீர் தங்குகிறது, ரெண்டு மூன்று நாள் தங்கினால் கிழங்கு அழுகுகிறது, கேரட் நுனி கறுத்துப்போகிறது, மண்டியில் அதைக் கழித்துத் தள்ளிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு நல்ல வடிகால் இருந்தால் நான் ஏன் என் மேல்மண்ணை நானே ஓடையில் விடப்போகிறேன்? என் அப்பா காலத்தில் முழங்கை ஆழம் இருந்த கருப்பு மண் இன்றைக்கு ஒரு சாண் இருந்தால் அதிகம். அந்த மண்ணெல்லாம் ஓடையை மேடாக்குகிறது. குந்தா அணையில் சேறு எப்படிச் சேர்ந்தது என்று மேலே இருக்கிற தோட்டங்களைப் பார்த்தால் புரியும். பிறகு அணையைத் தூர்வார கோடிக்கணக்கில் செலவு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு முன்னாலேயே சரிவுக்கு வந்திருந்தால் மண் தோட்டத்திலேயே இருந்திருக்கும்.

நிவாரணம் கொடுக்கிறோமே என்பார்கள். 2022ல் வந்த விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்றால் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று இருந்தது, அதாவது ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. கேரட்டுக்கு விதை, உரம், மருந்து, கூலி என்று இறங்கியவர்களுக்கு அது எந்த மூலைக்கு என்று தெரியும்.

நீலகிரிக்கு தனியாகவே பணம் உண்டு. 1970களில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம், மத்திய நிதி நின்ற பிறகு மாநில அரசு நடத்துகிற சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம். அதில் தடுப்பணையும் ஓடைக்கரைச் சுவரும் கட்டியிருக்கிறார்கள், எங்கள் ஓடையிலும் ஒரு சுவர் இருக்கிறது, இன்னும் உறுதியாக நிற்கிறது. நான் கேட்பது அதே பணத்தை ஆளுக்கு ஆள் பிரிக்காமல் ஒரு சரிவு முழுக்க எடுத்து, மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் கல் பாவிய, புல் வளர்த்த வடிகால் போடுங்கள் என்று. வருஷம் ஒருமுறை கார்போகத்துக்கு முன்னால் தூர் எடுக்க அதிலேயே பணம் ஒதுக்குங்கள். கட்டிவிட்டுப் போனால் ரெண்டே மழையில் மண் மூடிவிடும், மறுபடி ஒரு பொக்லைன் இறக்கக்கூட இங்கே அனுமதி வாங்க வேண்டும். மேலே மிச்சமிருக்கிற சதுப்பைத் தொடக் கூடாது, அதைக் காயவைத்துத் தோட்டம் ஆக்கினால் ஏப்ரலில் ஓடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வடிகால் ஏற்கெனவே பயிர் செய்கிற நிலத்துக்கு மட்டும்.

எங்கள் சரிவில் பதினொரு பேரில் எட்டுப் பேர் ஓரத்தில் மூன்றடி விட எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கீழே இருக்கிற அந்த அண்ணன்தான் முதல் கையெழுத்து. மிச்சம் மூன்று பேரில் ரெண்டு பேர் வெளியூரில் இருக்கிறார்கள், இந்த வாரம் போனில் பேசுகிறேன். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊட்டி போகிறோம். எதிர்ச் சரிவில் இருப்பவர்களும் சிட்டா நகலோடு வாருங்கள், ஒரே மனுவாகக் கொடுப்போம்.