கேட் பிஷப் கிளின்ட் பார்ட்டனின் மகள் அல்ல

"ஹாக்ஐ கிளின்ட் பார்ட்டனின் மகள்தான் கேட் பிஷப், அவள் துப்பறியும் காமிக்ஸ் 2021 'ஹாக்ஐ' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து எழுதியது" என்று மார்வெல் காமிக்ஸின் வில்வீர நாயகி கேட் பற்றிப் பரவும் பதிவு தவறு. ஹாக்ஐ என்பது முதலில் வில்வீரர் கிளின்ட்டின் நாயகப் பெயர்.

கேட்டின் அப்பா டெரெக் பிஷப். 2005-இல் 'யங் அவெஞ்சர்ஸ்' இதழில் அறிமுகமானாள். கிளின்ட் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய நேரத்தில், ஹாக்ஐ பெயரை அவளுக்குக் கொடுத்தவர் கேப்டன் அமெரிக்கா. அந்தப் பெயர் ரத்த உறவில் வந்ததல்ல, துணிச்சலுக்குக் கிடைத்தது. அதை மறைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் வெனிஸ் பீச்சில் அவள் துப்பறியும் காமிக்ஸ் தொடரை எழுதியவர் கெல்லி தாம்சன், வரைந்தவர்களில் முதன்மையானவர் லியோனார்டோ ரொமேரோ. மொத்தம் 16 இதழ்கள். முதல் இதழ் கடைக்கு வந்தது 2016 டிசம்பரில். உள்ளே அச்சிட்ட மாதமோ 2017 பிப்ரவரி. அமெரிக்கக் காமிக்ஸில் மாதத்தை முன்தள்ளிப் போடுவது வழக்கம், ஆண்டுக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எந்த மாதத்தை எடுத்தாலும் தொலைக்காட்சித் தொடர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியதே.