அடிச்சேற்றை மறந்துவிட்டீர்கள்
சாக்கடை கலப்பதை நிறுத்தினாலே ஊட்டி ஏரி தெளிந்துவிடும் என்கிறது கட்டுரை. எனக்கு நம்பிக்கை இல்லை. 1820களில் கோவை கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் ஜான் சல்லிவன் காலத்தில் அமைத்த ஏரி அது, அத்தனை வருடச் சேறும் அடியில் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றும்போது கரையோரம் குச்சியை விட்டுக் கிளறினேன்: மை போலக் கருஞ்சேறு, குமிழ் குமிழாக அழுகிய முட்டை நாற்றம். மட்கிய இலையும் கழிவும் அதிலிருந்து கரைந்து தண்ணீருக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனால் பாஸ்பரஸும் கூடவே வெளியேறும், ஆகாயத்தாமரைக்கு அதுதான் உரம். தண்ணீர்ப் பஞ்சத்தில் இந்த ஏரி நீரில் குளோரின் போட்டுக் குடிக்கலாம் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வேண்டாம் ஐயா, இப்படி இலை, கழிவு போன்ற கரிமப்பொருள் மிகுந்த நீரில் குளோரின் சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற உடலுக்குக் கேடான வேதிப்பொருள்கள் உண்டாகும், பார்க்கத் தெளிந்த மாதிரி தெரிந்தாலும் அது நல்ல தண்ணீர் இல்லை.