அட்டவணையின் அந்தச் சின்ன எண்

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் எச்ஐவி விவரங்களில், யாருக்கு எந்த வழியில் தொற்றியது என்று பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. ஏறக்குறைய எல்லாருமே உடலுறவு என்ற வரிசையில் இருப்பார்கள். போதைமருந்து ஊசி என்ற வரிசையில் இருப்பவர்கள் மிகச் சொற்பம். மொத்தமும் குறைந்து வந்திருக்கிறது: 2019இல் 323 பேர், 2020இல் 261, 2021இல் 250. நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சின்ன எண்ணைக் காட்டி “நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாதுப்பா” என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி என்ற கிராமப்புற வட்டாரத்திலும் எண் சின்னதாகத்தான் இருந்தது. ஆண்டுக்கு 5 பேருக்கும் குறைவு. 2015இல் சில மாதங்களுக்குள் அது 180ஐத் தாண்டியது. பெரும்பாலானோர் ஆஸ்டின் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். அந்த ஊரின் மக்கள்தொகையே 4,000 சொச்சம். ஆக்ஸிமார்ஃபோன் என்ற வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். ஒரு நாளைக்கு 4 முதல் 15 முறை, ஒவ்வொரு முறையும் கூடச் சேர்ந்து ஊசி போட்டவர்கள் 1 முதல் 6 பேர். தொற்றியவர்களில் 10இல் 9 பேருக்கு மேல், ரத்தத்தின் வழி பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் இருந்தது. எச்ஐவிக்கு எந்தப் பாதை திறந்து கிடக்கிறது என்பதை ஹெபடைடிஸ் சி காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தேடிப் பார்க்க ஆள் வேண்டும்.

மாத்திரையைக் கரைத்து ஏற்றுவது நமக்குப் புதிதா என்ன? சுபுடெக்ஸ் 2002இல் ஹெராயின் பழக்கத்துக்கான சிகிச்சையாக இங்கே வந்தது. நாக்கடியில் வைத்துக் கரைய வேண்டிய மாத்திரை அது. அதை ஊசியில் ஏற்றியவர்களுக்கு மாவுச்சத்தும் மற்றச் சேர்மானங்களும் ரத்தக்குழாயை அடைத்தன. தமனியில் தவறிப் பாய்ந்தபோது விரல்கள் கறுத்து அழுகின. இதய வால்வில் கிருமி தங்கி ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் பலர். 2006 ஆகஸ்டில் அது ‘ஏ’ பிரிவு போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. அந்த நான்கு ஆண்டுகளில் எச்ஐவி வெடிக்காமல் போனது நம் நல்ல நேரம் என்றே நினைக்கிறேன்.

தொற்றும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கிருமி உள்ளவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொண்டால், 10,000 முறைக்குச் சுமார் 63 முறை தொற்றும் என்பது ஆய்வுகளின் கணக்கு. ஒரு முறைக்குக் குறைவுதான். 10 முறை ஆனால் 100க்கு 6. கிருமி புதிதாகத் தொற்றியவரின் ரத்தத்தில் அது பல மடங்கு பெருகியிருக்கும் என்பதால், அந்த முதல் வாரங்களில் சராசரிக் கணக்கு உதவாது.

அடுத்தது சிரிஞ்சு. தண்டைக் கடைசிவரை அழுத்தினாலும் முனையில் கொஞ்சம் திரவம் தங்கும். ஊசியைக் கழற்றி மாட்டும் வகையில் அது 84 மைக்ரோலிட்டர் வரை இருக்கும், அதாவது ஒன்றரைச் சொட்டுக்கு மேல். ஊசி சேர்ந்தே வரும் இன்சுலின் சிரிஞ்சில் சுமார் 2 மைக்ரோலிட்டர்தான். இதனால்தான் தங்கும் திரவம் குறைந்த வகையைக் கொடுக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. வெப்பமும் கணக்கில் வரும். 27 டிகிரிக்கு மேல் கிடந்த சிரிஞ்சுகளில் 7 நாளுக்குப் பிறகு உயிருள்ள எச்ஐவி கிடைப்பது 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று ஆய்வகச் சோதனை காட்டியது. நம் ஊர் வெயில் நமக்குத் துணை என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்சாதன அறையில் அந்தக் கணக்கு செல்லாது. ஹெபடைடிஸ் சி கிருமியோ சிரிஞ்சில் 63 நாள் வரைகூடத் தாக்குப்பிடித்திருக்கிறது.

கேள்வி கேட்பதிலும் கோளாறு இருக்கிறது. “ஊசியைப் பகிர்ந்துகொண்டீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்று உண்மையாகவே சொல்வார்கள். கரைத்த கரண்டி ஒன்று, வடிகட்டிய பஞ்சு ஒன்று, கழுவிய தண்ணீர் ஒன்று என்பதை யாரும் கேட்பதில்லை. ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு உறவுகொள்பவரை ‘ஒருவருக்கு ஒரு வழி’ என்று பதியும் அட்டவணையில் எந்த வரிசையில் போடுவீர்கள்?

சட்டத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டே ஊசிவழித் தொற்றைத் தடுக்க முடியாதா? மலேசியாவைப் பாருங்கள். அங்கே 2002இல் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்றியது, பெரும்பாலும் ஊசி வழியாக. 2005இல் ஹெராயினுக்குப் பதிலாக வாய்வழி மருந்து கொடுக்கும் மெதடோன் சிகிச்சை, 2006இல் பழைய ஊசிக்குப் பதில் சுத்தமான ஊசி கொடுக்கும் ஊசி மாற்றுத் திட்டம். ஊசிவழித் தொற்று மளமளவென்று இறங்கியது. அந்த ஆண்டுகளில் போதைப்பொருள் சட்டம் அங்கே ஒன்றும் இளகிவிடவில்லை. 1980களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் காவல்துறை நெருக்கடியால் கடைகளில் ஊசி கிடைக்காமல் போனது; இருந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். 1986இல் அங்கே ஒரு மருத்துவமனைக் கூடத்தில் அல்ல, சாதாரணக் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் பார்த்த ஹெராயின் பழக்கமுள்ளவர்களில் பாதிப் பேருக்குக் கிருமி இருந்தது. பக்கத்து நகரான கிளாஸ்கோவில் அந்த அளவு வெகு குறைவு.

ஊசி மாற்றுத் திட்டம் நாளைக்கே இங்கு வராது, தெரியும். நான் கேட்பது அதைவிடச் சின்னது. போதைப்பொருள் மறுவாழ்வு நிலையங்களில் ஹெபடைடிஸ் சி எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற எண்ணை ஆண்டுதோறும் எச்ஐவி எண்ணுக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். அடுத்து, போதைக்கு அடிமையானவர் என்று கருதும் நோயாளியைப் பற்றி மருத்துவர் 7 நாளுக்குள் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி. அதற்குப் பயந்து வாயே திறக்காதவரிடம் எந்த மருத்துவரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கிருமிப் பரிசோதனையையாவது அந்த விதியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு ஒன்று. பிள்ளையின் அறையில் ஊசி கிடைத்தால் மூடியைத் திரும்பப் போடாதீர்கள், அப்போது எளிதில் குத்திவிடும். திருகுமூடி உள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போடுங்கள். குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளைக்கு, பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்காத எச்ஐவி பரிசோதனை இங்கே உண்டு. ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை என்றால், கடைசியாக ஊசியைப் பகிர்ந்து 45 நாள் கழித்த முடிவை நம்பலாம். விரலில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனைக்கு 90 நாள். ஹெபடைடிஸ் சிக்கு எதிரணு (ஆன்டிபாடி) சோதனை மட்டும் போதாது. நோய் ஆறிய பிறகும் அது ‘உண்டு’ என்றே காட்டும். கிருமியையே தேடும் ஆர்என்ஏ சோதனையையும் கேட்டு வாங்குங்கள். கிருமி இருந்தால், இப்போதுள்ள மாத்திரைகள் 8 முதல் 12 வாரத்தில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாக்குகின்றன.