புரை ஏறினால் யாரும் நினைப்பதில்லை

எங்கள் வீட்டில் யாருக்குப் புரை ஏறினாலும் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, “யாரோ நினைக்கிறாங்க” என்பார் அம்மா. போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அதையேதான் செய்தார். அப்பாவுக்கு வலது கை எழவில்லை, பேச்சு லேசாகக் குழறியது. ஆனால் நினைவு தெளிவு. காபி கேட்டார், பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தோம். வாய்க்கு வாய் இருமல். “தங்கச்சிதான் நினைக்கிறா” என்று நான் வேறு சிரித்தேன். நான்காம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்தால் நிமோனியா.

அப்புறம்தான் டாக்டர், ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பார்க்கட்டும் என்றார். எனக்குக் கோபம். மூச்சுக்கே திண்டாடுகிற மனுஷனுக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு?

வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, வாய்க்குள் டார்ச் அடித்தார். காலையில் ஊட்டிய இட்லி வலது கன்னத்தில் அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. அப்பாவுக்கே அது தெரியவில்லை. ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, தொண்டை மேல் விரல்களை வைத்துக் குரல்வளை ஏறி இறங்குவதைக் கவனித்தார். “ஆ சொல்லுங்க ஐயா.” குரல் கொழகொழவென்று, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. “தண்ணி இன்னும் உள்ள போகல, குரல்வளை மேலயே நிக்குது” என்றார்.

பேசுவதற்கு வேண்டிய உதடும் நாக்கும் குரல்வளையும்தான் விழுங்கவும் வேண்டும். அதனால்தான் விழுங்குவதைப் பார்ப்பதும் ஸ்பீச் தெரபிஸ்ட்களின் வேலை. மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். விழுங்கும் நொடியில் குரல்வளை மேலெழும்பி மூச்சின் வழியை அடைத்துக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் அது கொஞ்சம் தாமதித்தாலும் தண்ணீர் முந்திக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். திடப்பொருள்தான் ஆபத்து, தண்ணீர் கொடுக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். இந்த நோயாளிகளில் பலருக்குத் தண்ணீர்தான் வில்லன். சிலருக்கு உள்ளே போனாலும் இருமலே வராதாம், அதுதான் இன்னும் பயம். பக்கவாதம் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது.

ஒன்பது நாள் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. பிறகு பொடி கலந்து கெட்டியாக்கிய காபி. “இது காபியா, கூழா?” என்றார் அப்பா. தாடையைக் கீழே இறக்கிக்கொண்டு விழுங்க வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் யாருக்கு எது என்று சொல்ல ஆள் வேண்டும்.

மைசூரில் பேச்சு, செவித்திறனுக்கென்றே 1965இல் அகில இந்திய நிறுவனம் தொடங்கியாயிற்று. பிளஸ் டூவுக்குப் பிறகு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு வருஷப் படிப்பு. இருந்தும் நமக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் திக்குவாய்க்காரருக்கும் பேச்சு வராத குழந்தைக்கும்தான். பில்லைப் பார்த்த மாமா, “மச்சான் நல்லாத்தானே பேசறார், இதுக்கு எதுக்குக் காசு?” என்றார். எல்லாம் ‘ஸ்பீச்’ என்கிற அந்தப் பெயர் செய்கிற வேலை. பாதி நாட்கள் இவர்களைக் கூப்பிடவே யாருக்கும் தோன்றுவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் என்றால், முதல் வாய் தண்ணீர் கொடுக்கும் முன் “விழுங்குறதைப் பரிசோதிச்சாச்சா?” என்று வார்டில் கேளுங்கள்.

மூன்றாவது வாரம், பொடி கலக்காத காபி. அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றார். அப்பா தாடையை இறக்கி ஒரு வாய் விழுங்கினார். இருமவில்லை. அம்மாவின் கை மட்டும் தட்டுவதற்குத் தயாராக அவர் தலைக்கு மேலேயே நின்றது.