பாம்புக்கடிக் கல்லுக்குப் பொன்னாடையா?

முகநூலில் வந்த அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கந்த சஷ்டி மேடையில் ஒரு பாம்புக்கடி வைத்தியருக்கு மாலை, பொன்னாடை. அவர் கையில், கடிவாயில் வைத்தால் விஷத்தை உறிஞ்சிவிடும் என்று நம்பப்படும் அந்தக் கறுப்புக் கல். "நம் பாரம்பரியத்தின் காவலர்" என்ற வரிக்குக் கீழே பர்மாவில் பெகு பக்கத்து நம் தமிழ் ஆட்களே வரிசையாகக் கைகூப்பியிருக்கிறார்கள். நெல் அறுவடை வாசலில் நிற்கிறது. வயலில் கண்ணாடி விரியன் அதிகம் கடிக்கும் காலமே இதுதான். இந்த நேரத்திலா இந்த மரியாதை?

பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரி. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கல் வைக்காதீர்கள். கடிபட்ட காலை அசைக்கவிடாமல் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"கல் வைத்துப் பிழைத்தவர்களைக் கண்ணால் பார்த்தோம்" என்பீர்கள். பார்த்திருப்பீர்கள். நம் வயலில் கடிப்பதெல்லாம் விஷப்பாம்பு இல்லை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் உடம்பில் விஷம் இறங்குவதில்லை. அவர்கள் கல் இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். பிழைத்தால் கல்லுக்குப் பெயர், செத்தால் விதி. இதை எத்தனை காலம் பேசிக்கொண்டிருப்போம்?

என் சித்தப்பா மகன் நெற்கட்டைத் தூக்கும்போதுதான் கடிபட்டான். தொடையில் கயிற்றை இறுக்கி, கல்லை வைத்து, விடியும்வரை ஒரு வைத்தியர் வீட்டுத் திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஈறில் இரத்தம் கசிந்தது. நர்ஸ் அவன் இரத்தத்தைக் கொஞ்சம் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்தார். நல்ல இரத்தம் அதற்குள் உறைந்துவிடும். குழாயைச் சாய்த்தார். வெற்றிலைச் சாறு போல ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகு கசிவு நின்றது. சிறுநீர் மட்டும் இறங்கவே இல்லை. அந்த மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தை முறிக்கும். கெட்டுப்போன சிறுநீரகத்தைத் திருப்பித் தராது. ரங்கூனுக்குக் கொண்டுபோயும் அவன் பிழைக்கவில்லை.

மருந்தே ஒவ்வாமையால் ஆளைக் கொல்லும் என்கிறார்கள். ஒவ்வாமை வரலாம், உண்மைதான். அதற்குத்தான் அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்தை ஏற்றுகிறார்கள். திண்ணையில் என்ன இருக்கிறது?

இது வெள்ளைக்காரன் மருந்தாம். பர்மாவிலேயே, இந்த மண்ணின் விரியன் விஷத்துக்காகவே, குதிரைகளைக் கொண்டு தயாரிக்கிற மருந்து இது. முன்னோர் அறிவை நான் இழிவுபடுத்துகிறேன் என்கிறவர்கள் மாமல்லபுரம் பக்கத்து இருளர்களைப் பாருங்கள். பாம்பின் தடம் பார்த்துப் பிடிக்கிற பரம்பரை அவர்கள். 1978இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, விஷம் எடுத்து இந்தியாவின் மருந்துத் தயாரிப்புக்குக் கொடுக்கிறார்கள். பாரம்பரியத்துக்கு மாலை போட வேண்டுமானால் அவர்களுக்குப் போடுங்கள்.

இராத்திரியில் சாலையில் போக முடியுமா, போனாலும் அங்கே மருந்து இருக்குமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இன்றைய நிலைமையில் அது நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்க வேண்டிய மேடையில்தானே கல்லுக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்? பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனமே 2017இல் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்படுவது யார்? வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிற நம் பிள்ளைகள்தான்.

அந்தப் படத்தின் கீழே ஒருவர், "அந்தப் பையனை ஆஸ்பத்திரியில்தான் கொன்றார்கள்" என்று எழுதியிருக்கிறார். என் சித்தியும் முகநூலில் இருக்கிறார், ஐயா. அவருக்கும் படிக்கத் தெரியும். அன்றைக்கு அந்தத் திண்ணைக்கு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். பெரியவர்கள் சொன்னார்கள், அவர் கேட்டார். இன்று அதே பெரியவர்கள் அதே திண்ணைக்கு மாலை போடுகிறார்கள். அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

விழா நிர்வாகத்தாருக்கு ஒன்று. அடுத்த ஆண்டு நன்கொடைச் சீட்டோடு என் வீட்டுக்கு வர வேண்டாம். அறுவடைக்கு முன்னால் ஊருக்கு ஒரு மோட்டார் சைக்கிள், அதற்குப் பெட்ரோல், நடுராத்திரியிலும் கிளம்பத் தயாராக இரண்டு பையன்கள், கூலிக்காரர்களுக்கு முழங்கால் வரை பூட்ஸ் என்று ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு என் பங்கை இந்த வாரமே கொடுத்துவிடுகிறேன்.